ஃபுட் என்றால் காலா, பாதமா, அடியா? ஓர் ஆங்கிலச் சொல்லை முழுமையாகக் கற்கும் வழி

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு புண் வந்தது. அவர் சர்க்கரை நோயாளி என்பதால் நாள் கடத்தக் கூடாது என்று சென்னையில் ஒரு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் ஆங்கிலத்தில் பேசியவரிடம் 'லெக் பெயின், லெக் வுண்ட்' என்று சொல்லி முன்பதிவு செய்தேன். மறுநாள் காலை எங்களுக்குக் கிடைத்த டோக்கன் மூட்டு மருத்துவருக்கு உரியது. பாதப் புண்களைப் பார்க்கும் பிரிவு வேறொரு மாடியில், வேறொரு நேரத்தில் இயங்கியது. அம்மா அரை நாள் நாற்காலியில் காத்திருக்க நேர்ந்தது. நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் 'ஃபுட்'.

கோடம்பாக்கத்தில் மாலை நேரங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். செருப்புக் கடை விற்பனையாளர்கள், வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்கள், மனை விற்பனைத் தரகர்கள் எனப் பலர் வருகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் அன்றாடம் தேவைப்படும் சொல் இது என்பதால், இந்த ஒரு சொல்லுக்கே இரண்டு மாலைகளை ஒதுக்குகிறேன். பள்ளியில் 'ஃபுட் என்றால் கால்' என்று மனப்பாடம் செய்ததை அப்படியே விட்டுவிட்டு, 'ஃபுட் என்றால் அடி' என்று பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம். பாதத்தைக் குறிக்கும் 'அடி' என்ற நம் சொல்லே அளவையும் குறிக்கிறது, ஒன்றின் கீழ்ப்பகுதியையும் குறிக்கிறது. ஆங்கிலச் சொல்லும் ஏறத்தாழ இதே பாதையில்தான் நடந்திருக்கிறது.

முதல் படி: கணுக்காலில் ஒரு கோடு

தமிழில் இடுப்புக்குக் கீழே நுனிவிரல் வரை எல்லாமே கால்தான். வேண்டும்போது தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என்று பிரித்துச் சொல்கிறோம்; வேண்டாதபோது 'கால்' போதும். ஆங்கிலம் பேசுபவரோ கணுக்காலில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே உள்ளதை 'லெக்' என்றும் கீழே உள்ளதை 'ஃபுட்' என்றும் எப்போதும் பிரித்தே பேசுகிறார். ஷூ மறைப்பது ஃபுட், பேன்ட் மறைப்பது லெக் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. மருத்துவ நூல்களில் இந்தப் பிரிவு இன்னும் கறாரானது. அங்கே முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே 'லெக்'. அதற்கு மேலே இருப்பது 'தை' எனப்படும் தொடை.

கோட்டுக்குக் கீழே இருப்பது சிறிய இடம் என்று எண்ண வேண்டாம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. உடலின் 206 எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இரு பாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதன் பகுதிகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு: குதிகால் 'ஹீல்', உள்ளங்கால் 'சோல்', அதன் நடுவில் உள்ள வளைவு 'ஆர்ச்'. புறங்காலுக்குத் தனிச் சொல்லைத் தேடாமல் 'டாப் ஆஃப் தி ஃபுட்' என்றே சொல்லலாம். கால்விரலை 'லெக் ஃபிங்கர்' என்று சொல்பவர்கள் என் வகுப்பிலும் உண்டு. அது 'டோ', கட்டைவிரல் 'பிக் டோ'. நம் நகைகளே இந்தப் பாடத்தை நன்றாகச் சொல்லித் தருகின்றன. கோட்டின் மேல் அணியும் கொலுசு 'ஆங்க்லெட்'. கோட்டுக்குக் கீழே விரலில் அணியும் மெட்டி 'டோ ரிங்'.

இப்போது தமிழ் வாக்கியத்தில் 'கால்' வரும் ஒவ்வொரு முறையும், மொழிபெயர்ப்பதற்கு முன் 'கோட்டுக்கு மேலா, கீழா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'காலைக் கழுவிவிட்டு உள்ளே வா' என்றால் 'வாஷ் யுவர் ஃபீட்'. 'கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்' என்றால் 'ஹி சாட் வித் ஹிஸ் லெக்ஸ் க்ராஸ்ட்'. கூட்டமான பேருந்தில் ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றால் 'யூ ஆர் ஸ்டாண்டிங் ஆன் மை ஃபுட்'. பெரியவர் காலில் விழுவதை 'ஃபெல் ஆன் ஹிஸ் லெக்' என்று எழுதினால், தடுமாறி அவர் முழங்கால்மீது விழுந்துவிட்டதாகப் பொருள் போய்விடும். 'ஃபெல் அட் ஹிஸ் ஃபீட்' என்பதே வணக்கம். மேஜைக்கும் நாற்காலிக்கும் இருப்பது லெக். நாய், பூனையின் பாதம் 'பா'. மாட்டின் குளம்பு 'ஹூஃப்'.

செவிலியர்கள் இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். என் மாணவி ஒருவர், தாம் கவனித்து வந்த முதியவரைப் பற்றிய தினக் குறிப்பில் 'ஸ்வெல்லிங் இன் லெஃப்ட் லெக்' என்று எழுதியிருந்தார். விசாரித்தபோது வீக்கம் புறங்காலோடு நின்றிருந்தது தெரிந்தது. ஒரு பக்கக் கால் முழுவதும் வீங்குவதும் பாதம் மட்டும் வீங்குவதும் மருத்துவர் மனத்தில் வெவ்வேறு கேள்விகளை எழுப்பும். அதனால் அவர் இப்போது 'ஸ்வெல்லிங் ஓவர் தி டாப் ஆஃப் தி லெஃப்ட் ஃபுட், நன் அபவ் தி ஆங்க்கிள்' என்று எழுதுகிறார். சர்க்கரை நோயாளிகளிடம் மருத்துவர்கள் வற்புறுத்தும் 'ஃபுட் கேர்' என்பதும் இந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதைத்தான் குறிக்கும்: தினமும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்ப்பது, வெறுங்காலுடன் நடக்காமல் இருப்பது, மெத்தென்ற நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொள்வது.

இரண்டாம் படி: புட்டும் கூடும்

தமிழ் எழுத்தில் எழுதும்போது பாதமும் உணவும் ஒன்றாகிவிடுகின்றன. வணிக வளாகத்தில் 'ஃபுட் கோர்ட்' என்றும், பேருந்தைப் பற்றிப் பேசும்போது 'ஃபுட்போர்டு' என்றும் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஒலியில் அவை வேறு வேறு. வேறுபாட்டைக் காட்டத் தமிழே கைகொடுக்கிறது. இரட்டித்த டகரம் வன்மையாக ஒலிப்பதும், உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் டகரம் மென்மையாக ஒலிப்பதும் நமக்கு இயல்பாகவே வருபவை. 'புட்டு' என்று சொல்லிப் பாருங்கள்: குறுகிய உகரம், வல்லின டகரம். பாதத்தைக் குறிக்கும் சொல்லில் இவை இரண்டும் இருக்கின்றன. 'கூடு' என்று சொல்லிப் பாருங்கள்: நீண்ட ஊகாரம், மெலிந்த டகரம். உணவைக் குறிக்கும் சொல்லில் இவை இருக்கின்றன. கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரத்தை மட்டும் இரண்டிலும் விட்டுவிட வேண்டும். முதல் எழுத்துக்கு மேல்வரிசைப் பற்கள் கீழுதட்டைத் தொட்டு, காற்று உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும். உதடுகள் இரண்டும் ஒட்டினால் அது 'வை' என்று பொருள்படும் 'புட்' ஆகிவிடும்.

மூன்றாம் படி: ஒன்று ஃபுட், இரண்டு ஃபீட்

பன்மை 'ஃபீட்'. 'ஃபுட்ஸ்' என்பதும் 'ஃபீட்ஸ்' என்பதும் இல்லை. பல்லுக்கு 'டூத்', 'டீத்' என்றும் வாத்தினப் பறவைக்கு 'கூஸ்', 'கீஸ்' என்றும் வருவதும் இதே வகைதான். மிகப் பழைய காலத்தில் இந்தச் சொற்களின் பன்மை விகுதியில் ஓர் இகர ஒலி இருந்தது. பின்னால் வரப்போகும் அந்த இகரத்துக்கு நாக்கு முன்கூட்டியே ஆயத்தமானதால் நடுவில் இருந்த உயிரொலி அதன் பக்கம் சாய்ந்தது. காலப்போக்கில் விகுதி தேய்ந்து மறைந்துவிட, சாய்ந்த உயிர் மட்டும் பன்மையின் அடையாளமாக நின்றுவிட்டது.

இந்தச் சொல்லின் வேர் இன்னும் தூரம் போகிறது. வடமொழியின் 'பாத', லத்தீனின் 'பெட்', கிரேக்கத்தின் 'போட்', ஆங்கிலத்தின் 'ஃபுட்' நான்கும் உடன்பிறப்புகள். ஆங்கிலத்தின் முன்னோர் மொழியில் பகரம் ஃபகரமாகவும் மெல்லிய டகரம் வன்மையாகவும் மாறியதால்தான் அது மட்டும் வேறு முகத்தோடு தெரிகிறது. மிதிவண்டியின் பெடல், அழகு நிலையத்தின் பெடிக்யூர், மூன்று கால் கொண்ட ட்ரைபாட் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'பாதம்' வழியாக 'பாதசாரி' என்கிறோம். லத்தீன் வழியாக ஆங்கிலேயர் 'பெடஸ்ட்ரியன்' என்கிறார்கள். சாலையைக் கடப்பவர் இரண்டு பெயரிலும் ஒரே வேர்ச்சொல்லைச் சுமக்கிறார். அடி, தாள், கால் என்பவை நம் சொந்தச் சொற்கள்.

நான்காம் படி: அளவாக நிற்கும் அடி

சென்னையில் இந்தச் சொல் மிக அதிகமாகப் புழங்குவது அளவாகத்தான். ஓர் அடி என்பது 12 அங்குலம், 30.48 சென்டிமீட்டர். எடை, அளவுகளுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நாடு மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. ஆனாலும் நிலமும் வீடும் ஆள் உயரமும் ஏரித் தண்ணீரும் நம் பேச்சில் இன்றுவரை அடியிலேயே நிற்கின்றன.

இங்கே முதலில் ஓர் இலக்கண விதியைப் பழக வேண்டும். வடபழனி வழியாகச் செல்லும் உள்வட்டச் சாலையை எல்லோரும் 'ஹண்ட்ரட் ஃபீட் ரோடு' என்கிறோம். பெயராக அது நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். ஆனால் எண்ணும் அளவும் சேர்ந்து ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும்போது ஆங்கிலத்தில் ஒருமைதான் வரும். 'எ டென்-ஃபுட் வால்' என்றால் பத்தடிச் சுவர். அதையே பயனிலையாக வைத்தால் 'தி வால் இஸ் டென் ஃபீட் ஹை'. நாம் 'ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்' என்கிறோமே தவிர 'ஃபைவ் ஸ்டார்ஸ் ஹோட்டல்' என்பதில்லை; காது ஏற்கெனவே அறிந்திருக்கும் அதே விதிதான் இது. ஆள் உயரத்தில் மட்டும் பேச்சு வழக்கு நெகிழ்ந்து கொடுக்கிறது: 'ஃபைவ் ஃபீட் சிக்ஸ்', 'ஃபைவ் ஃபுட் சிக்ஸ்' இரண்டும் சரி.

உயரத்தை எழுதும்போது நடக்கும் ஒரு பிழையை வரன் பார்க்கும் ஜாதகக் குறிப்புகளில் தொடர்ந்து காண்கிறேன். 5 அடி 6 அங்குலத்தை '5.6' என்று புள்ளி வைத்து எழுதிவிடுகிறார்கள். அடியில் இருப்பது பன்னிரண்டு கூறுகள். புள்ளிக்குப் பின்னால் வருபவை பத்துக் கூறுகள். ஆகவே 5.6 அடி என்பது 5 அடி 7.2 அங்குலம். 5 அடி 10 அங்குலத்தை '5.10' என்று எழுதிவிட்டால், கணக்குத் தெரிந்தவர் அதை 5.1 அடியாக, அதாவது ஏறத்தாழ ஐந்தடி ஓர் அங்குலமாகப் படிப்பார். அடி, அங்குலம் இரண்டையும் சொல்லாகவே எழுதிவிடுவது பாதுகாப்பு.

மனை வாங்குவோருக்குச் சதுர அடி உயிர்நாடி. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி; 40 அடிக்கு 60 அடி மனையை மனத்தில் வைத்தால் மறக்காது. விலை பேசும்போது 'பெர் ஸ்கொயர் ஃபீட்' என்று தரகர்கள் சொல்வது பழக்கமாகிவிட்டது. 'பெர்' என்பதே ஒவ்வொன்றுக்கும் என்று பொருள்படுவதால் அதன்பின் ஒருமை வர வேண்டும்: 'பெர் ஸ்கொயர் ஃபுட்'. சொல் வரிசையும் பொருளை மாற்றும். 'சிக்ஸ் ஸ்கொயர் ஃபீட்' என்பது ஆறு சதுர அடி. 'சிக்ஸ் ஃபீட் ஸ்கொயர்' என்பது பக்கத்துக்கு ஆறடி கொண்ட சதுரம், அதாவது முப்பத்தாறு சதுர அடி. தச்சர்களும் சுற்றுச்சுவர் கட்டுபவர்களும் நீளத்துக்குச் சொல்லும் 'ரன்னிங் ஃபீட்', வெளிநாட்டு ஆவணங்களில் பெரும்பாலும் 'லீனியர் ஃபுட்' என்று வரும்.

மழைக்காலச் செய்திகளுக்கு மூன்றாவது பரிமாணமும் வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி என்னும்போது அது நீளம். 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்னும்போது அது 'க்யூபிக் ஃபீட் பெர் செகண்ட்'; அதன் சுருக்கமே 'கியூசெக்'. டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி. ஒரு கன அடியில் ஏறத்தாழ 28.3 லிட்டர் தண்ணீர் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதாகச் செய்திகளில் படித்தோம். பெருக்கிப் பார்த்தால் அது விநாடிக்கு எட்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் வருகிறது. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் அறுபத்தெட்டை ஒரே விநாடியில் கவிழ்ப்பதற்குச் சமம். இந்தப் பெருக்கலை வகுப்பில் செய்தபோது, அந்த வெள்ளத்தில் வீட்டை இழந்திருந்த ஒருவர் நெடுநேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் படி: கீழ்ப்பகுதியாக நிற்கும் அடி

மலையடிவாரம் 'ஃபுட் ஆஃப் தி ஹில்', மரத்தடி 'ஃபுட் ஆஃப் தி ட்ரீ', மாடிப்படியின் தொடக்கம் 'ஃபுட் ஆஃப் தி ஸ்டேர்ஸ்', பக்கத்தின் கீழே வரும் அடிக்குறிப்பு 'ஃபுட்நோட்'. பரங்கிமலை அடிவாரத்தில் இறங்குங்கள் என்று ஒருவருக்கு வழி சொல்ல 'கெட் ஆஃப் அட் தி ஃபுட் ஆஃப் செயின்ட் தாமஸ் மவுண்ட்' என்றால் போதும். கட்டிலில் தலைமாடு 'ஹெட் ஆஃப் தி பெட்', கால்மாடு 'ஃபுட் ஆஃப் தி பெட்'. கால்மாடு என்ற அழகான சொல் நகரப் பேச்சில் தேய்ந்து வருவது எனக்கு வருத்தம். இந்த ஆங்கிலத் தொடரைக் கற்பிக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்தே கற்பிக்கிறேன்.

எல்லா அடியும் ஃபுட் ஆகாது. பானையின் அடி 'பாட்டம்'. பால் அடிப்பிடித்தால் 'பர்ன்ட் அட் தி பாட்டம்'. தலைப்பக்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் எதிர்ப்பக்கம் பெரும்பாலும் ஃபுட்.

செய்யுள் படித்தவர்கள் இன்னோர் இடத்திலும் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கில யாப்பில் 'ஃபுட்' என்பது சில அசைகள் சேர்ந்த சிறு அலகு. நம் யாப்பில் அதற்கு நேரானது சீர். நாம் அடி என்பது அவர்களுடைய 'லைன்'. குறள் வெண்பாவுக்கு இரண்டு அடி, ஏழு சீர். அதை 'டூ ஃபீட்' என்று மொழிபெயர்த்தால் கவிதையே குட்டையாகிவிடும்; 'டூ லைன்ஸ், செவன் ஃபீட்' என்பதே பொருத்தம்.

ஆறாம் படி: நடப்பதும் அதைச் சார்ந்ததும்

'நடந்து வந்தேன்' என்பதை 'ஐ கேம் பை வாக்' என்று சொல்வது நம்மிடம் ஊறிப்போன ஒன்று. 'பை பஸ்', 'பை ட்ரெயின்' போல இதையும் அமைத்துவிட்டோம். 'ஐ கேம் ஆன் ஃபுட்' என்று சொல்லுங்கள், அல்லது 'ஐ வாக்ட்' என்று முடித்துவிடுங்கள்.

நாம் பிளாட்பாரம் என்று சொல்லும் சாலையோர நடைபாதை இந்திய ஆங்கிலத்தில் 'ஃபுட்பாத்', பிரிட்டனில் 'பேவ்மென்ட்', அமெரிக்காவில் 'சைட்வாக்'. 'பிளாட்ஃபார்ம்' என்றால் வெளிநாட்டவர் ரயில் நிலையத்தைத் தேடுவார். பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு போவதை நம் இளைஞர்கள் 'ஃபுட்போர்டு அடிப்பது' என்கிறார்கள். அமெரிக்கர் ஒருவருக்கு 'ஃபுட்போர்டு' என்பது கட்டிலின் கால்மாட்டில் நிற்கும் பலகை. அவரிடம் 'ஹேங்கிங் ஃப்ரம் தி ஸ்டெப்ஸ் ஆஃப் தி பஸ்' என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கோயில் வாசலில் காணும் 'ஃபுட்வேர்' என்ற சொல்லுக்கும், காவல்துறைச் செய்திகளில் வரும் 'சிசிடிவி ஃபுட்டேஜ்' என்ற சொல்லுக்கும் பன்மை கிடையாது. சகரம் ஒட்ட வேண்டாம். ஃபுட்டேஜ் என்ற சொல் பிறந்த விதம் கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு உடனே புரியும். படச்சுருளை அடிக்கணக்கில் அளந்த காலத்தின் சொல் அது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடம். சுருளே இல்லாத கேமராப் பதிவும் அந்த அடியைப் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது.

ஏழாம் படி: மரபுத் தொடர்கள்

நமக்கு நேராகப் பொருந்துபவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காலில் நிற்பது 'ஸ்டாண்ட் ஆன் யுவர் ஓன் ஃபீட்'. ஓர் ஊரில் காலூன்றுவது 'கெய்ன் எ ஃபுட்ஹோல்ட்'. அடியெடுத்து வைப்பது 'செட் ஃபுட்'. 'அவர் வீட்டில் இனி காலடி வைக்க மாட்டேன்' என்பதற்கு 'ஐ வில் நெவர் செட் ஃபுட் இன் ஹிஸ் ஹவுஸ் அகெய்ன்'. புதுமணப்பெண்ணிடம் 'வலது காலை எடுத்து வைத்து வா' என்பது 'ஸ்டெப் இன் வித் யுவர் ரைட் ஃபுட் ஃபர்ஸ்ட்'. இதனோடு 'ஸ்டார்ட் ஆஃப் ஆன் தி ரைட் ஃபுட்' என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே 'ரைட்' என்பது சரியான என்ற பொருளில் வருகிறது. தொடக்கமே நன்றாக அமைந்தது என்பது கருத்து. எதிர்ச்சொல் 'ராங் ஃபுட்'.

பொருந்தாதவற்றைத் தனித்தனியே பழக வேண்டும். 'புட் யுவர் ஃபுட் டவுன்' என்றால் முடியாது என்று கண்டிப்பாக நிற்பது. 'கெட் கோல்ட் ஃபீட்' என்றால் ஒப்புக்கொண்ட காரியத்திலிருந்து கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது; குளிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'புட் யுவர் ஃபுட் இன் யுவர் மவுத்' என்றால் சொல்லக் கூடாததை எண்ணாமல் சொல்லிவிடுவது. 'ஃபுட் அண்ட் மவுத் டிசீஸ்' என்பதோ மாடுகளுக்கு வரும் கோமாரி நோய். 'ஃபுட் தி பில்' என்றால் செலவை ஏற்பது. கணக்கைக் கூட்டித் தொகையைத் தாளின் அடியில் எழுதும் வழக்கத்திலிருந்து அது வந்தது என்பதை அறிந்தால், ஐந்தாம் படியில் பார்த்த அதே அடிதான் இது என்று விளங்கும்.

பயிற்சி

கீழ்க்கண்ட பத்தியை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'மழையில் நடந்தே வந்தேன். இருபதடிச் சந்தில் இரண்டடித் தண்ணீர் நின்றது. படிக்கட்டின் அடியில் செருப்பைக் கழற்றினேன். கால் முழுக்கச் சேறு. குதிகாலில் ஒரு முள் தைத்திருந்தது.'

'ஆன் ஃபுட்', 'எ ட்வென்டி-ஃபுட் லேன்', 'டூ ஃபீட் ஆஃப் வாட்டர்', 'அட் தி ஃபுட் ஆஃப் தி ஸ்டேர்ஸ்', 'எ தார்ன் இன் மை ஹீல்' ஆகியவை வந்திருக்க வேண்டும். சேறு வரும் வாக்கியத்துக்கு மட்டும் நான் விடை தருவதில்லை. சென்ற முறை இந்தப் பயிற்சியைக் கொடுத்தபோது, வீக்கத்தைப் பற்றி எழுதிய அந்தச் செவிலியர் முதல் மூன்று வாக்கியங்களை மளமளவென்று சொல்லிவிட்டு, நான்காவதில் நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேறு எதுவரைக்கும் சார், கணுக்காலுக்கு மேலயா, கீழயா?"